பிடிக்காத பாட்டு

எனக்குப் பிடித்த படங்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இசையமைத்தவர் பெயரும் கூடவே வரும். வந்தவுடன் இவர் கட்சி, அவர் கட்சி என்று வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. என் கணவர் பரஞ்சோதி ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. அதனால் கேசட் அட்டையைப் பார்த்து நாங்களாக வைத்துக்கொண்ட பெயர்களையே சொல்கிறேன்.

முதலில் படகுப் படம். அட்டையில் ஒரு படகும், அதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணும் இருப்பார்கள். ஆறு பாட்டு. மூன்றாவது பாட்டில் பல்லவி முடிந்ததும் வயலின்கள் கூட்டமாக வந்து, ஒரே ஒரு வயலினை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும். அது என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தனியாக நிற்கும். பிறகு பாடகியின் குரல் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகும். பாடாங் மேஹா தோட்டத்தில் இருந்தபோது, தையல் பழகிக்கொண்டே அதை முதன்முதலில் கேட்டேன். அந்த இடம் வந்ததும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் தானாக நின்றுவிட்டது. ரவிக்கை தைப்பதே தொழிலாகிப் போன பிறகும் அந்த இடத்தில் என் கால் நிற்கத்தான் செய்தது.

அடுத்தது மழைப் படம். இந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு அது வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் மகா மட்டம் என்றார்கள். நல்லவேளை, தப்பித்தேன். பாட்டுகளை வரிசையாகக் கேட்டு நானே ஒரு கதை கட்டி வைத்திருக்கிறேன். என் கதையில் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பி வந்து கடை வைத்துப் பிழைத்துக்கொள்கிறாள். நிஜப் படத்தில் இடைவேளைக்கு முன்பே அவளைக் கொன்றுவிட்டார்களாம். அவ்வளவு நல்ல தாலாட்டைப் பாட வைத்துவிட்டு அவளைக் கொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ.

மூன்றாவது, சிவப்புச் சட்டை. இது என் கணவரின் கட்சி. அதில் வயலினுக்கு வேலையே கிடையாது. முதல் பாட்டில் தொடங்கும் பறையடி கடைசிப் பாட்டில்தான் ஓயும். அவர் பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். காலையில் தூங்கி வழிகிற பெண்களை எழுப்ப இதுதான் மருந்து என்பார். மருந்தாம். அதில் இரண்டாவது பாட்டு நல்ல பாட்டுதான். ஆனால் அவரிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம். ஐம்பதைத் தாண்டிய பிறகு என் காதுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். முதலில் குக்கர் விசில் போனது, அப்புறம் போன் மணி. ஒருநாள் பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிவது தெரிந்தது, பாட்டு கேட்கவில்லை. கணவரைக் கூப்பிட்டு, "போட்டுட்டுப் போனீங்களா இல்லையா?" என்றேன். அவர் ஆமென்று தலையாட்டினார். அன்று நான் அழுத அழுகைக்கு அளவே இல்லை.

அதன் பிறகு வீட்டில் பாட்டு நின்றது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவையும் ஊர்க்கதையையும் போனில் எழுதிக் காட்டினார்கள். ஊர்க்கதையை எழுதிப் படித்தால் அதில் ஒரு சுவையும் இல்லை.

போன வருடக் கடைசியில் அலோர் ஸ்டாரில் ஆபரேஷன் செய்தார்கள். தலைக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்து, காதுக்குப் பின்னால் ஒரு மெஷினை மாட்டிவிட்டார்கள். புண் ஆறியதும் அதை முதன்முதலாகத் திறந்துவிட்டவள் சாஃபியா. செவித்திறன் பயிற்சி கொடுக்கும் பெண், கூலிமில் உணவுக்கடை வைத்திருக்கும் குடும்பம். நன்றாகத் தமிழ் பேசுவாள் என்று என் கணவர் எழுதிக் காட்டியிருந்தார். எனக்குக் கேட்டதென்னவோ தகர டப்பாவுக்குள் யாரோ சோளம் பொரிக்கிற சத்தம்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. பேச்சு சீக்கிரம் வந்துரும். பாட்டுதான் லேட்டாகும். சில பேருக்கு வராமலும் போகலாம்," என்று சொல்லிக்கொண்டே எழுதியும் காட்டினாள்.

பேச்சு அவள் சொன்னபடியே வந்தது. ஒரு மாதத்தில் கணவரின் குரலைக் கண்டுபிடித்தேன். குரல் அவருடையதாக இல்லை, ஆனால் குறை சொல்லும் விதம் அவருடையதேதான். பக்கத்து வீட்டுச் சாந்தினி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது புரிந்தது. பாசாரில் மீன்காரரிடம் பேரம் பேசினேன். எல்லாவற்றுக்கும் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்றே ஒன்றுக்குத்தான் காத்திருந்தேன். பாட்டு வருமா, வராதா?

வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தினமும் காலையில் அவர் போனில் பாட்டைத் தேடி எடுத்து, "மழைப் படம், முதல் பாட்டு," என்று சொல்லிவிட்டுப் போடுவார். முதலில் இரைச்சலாக இருக்கும். பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து தாலாட்டு எழுந்து வரும். ஒவ்வொரு வரியும் வந்தது, வரிகளுக்கு நடுவில் வரும் மணியும் வந்தது. சாந்தினியிடம் சொன்னேன், தெரு முழுக்கப் பரவியது. அவர் பஸ்ஸில் வரும் பெண்களுக்கெல்லாம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "படகுப் படம், மூணாவது பாட்டு," என்று சொல்லிவிட்டு அவர் போனை மேசையில் வைத்தார். ஆரம்ப ஹம்மிங் வந்தது, பல்லவி வந்தது. வயலின்கள் கூட்டமாக வந்து ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போயின. கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இந்தச் சுகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசு நிறைந்து வாழ்த்திக்கொண்டே திரும்பினேன்.

அவர் முகம் செத்துப்போயிருந்தது. கை போனை மூடப் பார்த்தது. நான் முந்திக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். திரையில் படகு இல்லை. சிவப்புச் சட்டைக்காரன் நின்றுகொண்டிருந்தான். விளம்பரம் முடிந்ததும் போன் தானாக வேறு பாட்டுக்குத் தாவியிருக்கிறது. ஒரு வயலின்கூட இல்லாத பாட்டைக் கேட்டு நான் வயலினுக்கு அழுதிருக்கிறேன்.

"லோகா, ரெண்டும் ஒரே தாளம்லா. யாருக்கும் குழப்பம் வரும்," என்றார்.

"பொய் சொல்லாதீங்க. பறை எங்க, வயலின் எங்க?"

தோசை கருகியது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாளும் காது எதையும் கேட்கவில்லை. அவர் பாட்டின் பெயரைச் சொன்னதும், மனப்பாடமாக இருந்த பாட்டை மூளையே எடுத்து ஓட்டியிருக்கிறது. தாளம் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது, மீதி எல்லாம் என் சொந்தச் சரக்கு. தெரு முழுக்கப் பெருமையடித்த கதை ஞாபகத்துக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது. காதுக்குப் பின்னாலிருந்த மெஷினைக் கழற்றி ஊசி நூல் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை, கேட்க வேண்டியும் இல்லை.

அடுத்த பயிற்சி நாள்வரை மெஷினைத் தொடவில்லை. அன்றும் அவர்தான் டப்பாவோடு ஏறிக் காடியை ஓட்டினார். சாஃபியாவின் முன்னால் உட்கார்ந்ததும் மாட்டிக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினேன். என்னையே ஏமாற்றிக்கொண்டேன் என்றேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"அது ஏமாத்துறது இல்ல ஆன்ட்டி. தெரிஞ்ச பாட்டப் பிடிச்சுக்கிட்டுத்தான் மூளை நடக்கப் பழகுது. உங்களுக்கு அத்தன பாட்டு மனப்பாடமா இருக்கு, அது பெரிய அதிர்ஷ்டம். பாதிப் பேருக்குப் பிடிச்சுக்க ஒண்ணுமே இருக்காது." பிறகு கேட்டாள்: "புதுப் பாட்டு எதாச்சும் கேட்டுப் பாத்தீங்களா? தெரியாத பாட்டு?"

நான் அவரைப் பார்த்தேன். புதுப்பாட்டு எல்லாம் அவருடைய இலாகா. எந்தப் படப் பாட்டு எப்போது வருகிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பவர், அன்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் எதும் தெரியாது," என்றார். "லோகாவுக்குப் போட்டதத் தவிர, ரெண்டு வருஷமா நானும் எதும் கேக்கல."

"பஸ்ஸுலயுமா?" என்றேன்.

"பஸ்ஸுல ரேடியோ ரோசாக்னு சொல்லி வச்சிருக்கேன்."

கெட்டுப்போகாத ரேடியோவைக் கெட்டுப்போனதாகச் சொல்லி, இரண்டு வருடமாக அந்த மனுஷன் சத்தமில்லாமல் பஸ் ஓட்டியிருக்கிறார். எனக்குக் கேட்காததைத் தான் மட்டும் கேட்கக் கூடாதென்று நினைத்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. "பைத்தியமா உங்களுக்கு?" என்று சாஃபியா முன்னாலேயே கத்திவிட்டேன். கத்தினேனே தவிர, இப்படி ஒருத்தரை எனக்குக் கொடுத்ததற்கு எந்தச் சாமிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அழுதேன். சாஃபியா ஒரு டிஷ்யூவை என்னிடமும் ஒன்றை அவரிடமும் நீட்டினாள்.

அலோர் ஸ்டாரிலிருந்து திரும்பும் வழியில் குரூனைத் தாண்டியதும், "புதுசா ஒண்ணு போடுங்க," என்றேன்.

"இப்பவா? வீட்டுக்குப் போய்..."

"இப்பவேதான்."

ஓடுகிற காடியில் என்ஜின் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பீடோங்குக்கு முன்னால் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் மண்சாலையில் ஒதுக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டோம். வெயில் கொளுத்தியது. போனில் முதலில் கண்ணில் பட்ட புதுப் படத்தை அழுத்தினார். இசை யாரோ புதுப் பையன், அந்தப் பெயரை இருவருமே கேள்விப்பட்டதில்லை. அட்டையில் என்ன படம் இருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. பார்த்தால் மூளை மறுபடியும் எதையாவது சமைத்துவிடுமோ என்று பயம்.

முதல் பாட்டு வெறும் தகரம். இரண்டாவதும் அப்படித்தான், நடுவில் ஒரு ஆண்குரல் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல வந்து போனது. அவர் என்னைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். "போதுமா?" என்றார். வேண்டாம், ஓடட்டும் என்று கை காட்டினேன். இந்த முறை பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியாது. வாழ்நாளில் ஒரு பாட்டின் முன்னால் நான் அவ்வளவு பயந்து உட்கார்ந்ததில்லை.

மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. வெயிலால் என்று நினைத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். எரிச்சல் போகவில்லை. மறுபடியும் அதே இடம் வந்தது, மறுபடியும் எரிச்சல்.

"இவன் எதுக்கு இங்க மேல ஏறுறான்?" என்றேன்.

"யாரு?"

"பாடுறவன்தான். ரெண்டாவது வரியில அழகா எறங்கி வந்து உக்காரணும். அத விட்டுட்டு மேல போயி நிக்கிறான். அதோட போச்சா, நடுவுல புல்லாங்குழல் வேற வந்து தொல்ல பண்ணுது."

அவர் பாட்டைப் பின்னால் நகர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நானும் கேட்டேன். பாடுகிறவன் மேலே ஏறினான், புல்லாங்குழல் குறுக்கே வந்தது.

"லோகா," என்றார். "உனக்குப் புல்லாங்குழல் கேக்குதா?"

"கேக்கலன்னா எப்படித் திட்டுவேன்?"

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. இந்தப் பாட்டை நான் இதற்குமுன் கேட்டதில்லை. யாரும் பெயர் சொல்லவில்லை. பழசு எதுவும் உதவிக்கு வரவில்லை. என் மூளை தானாக ஒரு பாட்டைக் கட்டியிருந்தால் நல்லதாகக் கட்டியிருக்கும், அந்த வரியை இறக்கிக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கும். இவ்வளவு மோசமான பாட்டு வெளியிலிருந்துதான் வர முடியும்.

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தோளைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தேன், இரண்டும்தான். நானும் அழுதேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதன் டிரைவர் என்ன சண்டையோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இசையமைத்த, முகம் தெரியாத அந்தப் பையனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். தம்பி, உன் மூன்றாவது பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் போட்டதற்கு நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். படகுப் படத்தின்மேல் நான் வைத்த ஆசைகூட இப்படி என்னைக் கைதூக்கி விடவில்லை.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"அந்தப் பாட்ட இன்னொரு தடவ போடுங்க."

"பிடிக்கலன்னு சொன்ன?"

"பிடிக்கலதான். போடுங்க."