காரணம் என்ற கட்டம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவுடையது. "இதை மட்டும் கதையா எழுதித் தொலைச்சிடாதடா" என்று அவள் சொன்ன அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'புதுவாழ்வின் வாசலில் அவள் காலெடுத்து வைத்தபோது...'

(அடித்துவிட்டேன். பின்கதவு வழியாகத்தான் போனாள். வாசல் வாடிக்கையாளருக்கு.)

2

நடந்தது இதுதான். வங்கியில் கிளை மேலாளராக இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய அக்கா, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பொரித்த கோழி விற்கும் ஒரு நிறுவனத்தின் கிளையை எடுத்து நடத்தத் தொடங்கினாள். சிவப்புச் சட்டை, சிவப்புத் தொப்பி. முதல் நாள் அத்தான் போய் முன்பின் தெரியாதவர் மாதிரி நின்று, "ரெண்டு பொட்டலம் குடும்மா" என்றாராம்.

இரண்டாவது வாரம், கடையில் கோழி பொரிப்பவள் வந்து நின்றாள். (முதல் வரைவில் அவளை வாயில்லாப் பூச்சியாக எழுதியிருந்தேன். பொய். நல்ல வாய்.)

"மேடம், ரெண்டாவது மெஷின்ல சூடு நிக்க மாட்டேங்குது. ஏறிக்கிட்டே போகுது."

"எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."

"நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள எண்ணெய் பத்திக்கும் மேடம்."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எடுத்துவிடச் சொல்லி என்னிடம் இரண்டு முறை கெஞ்சினாள். எடுக்கவில்லை.

3

அதிலிருந்து நான்காம் நாள் மதியம், கடை நிறையக் கூட்டம். எண்ணெய் பற்றிக்கொண்டது. 'செந்நாக்குகள் கூரையைத் தீண்ட...'

(வேண்டாம். தீ, தீயாகத்தான் இருந்தது.)

அக்கா ஓடவில்லை. கத்தவில்லை. தீயணைப்பு உருளை கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அவள் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்:

"இதுக்கு யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

பொரிப்பவள்தான் பாய்ந்து மூடியை எடுத்து அழுத்தினாள். தீ அடங்கியது. அவளுடைய வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

"என் குரல்தான்டா அது. என் காதுலயே விழுந்துச்சு" என்றாள் அக்கா.

4

ஆஸ்பத்திரித் தாழ்வாரம். தலைமை அலுவலகத்திலிருந்து போன். "காரணம்ங்கிற கட்டத்துல 'ஊழியரின் கவனக்குறைவு'ன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். மெஷின் கோளாறுன்னா கடைக்குச் சீல் வெச்சிடுவாங்க."

விபத்துப் படிவம் மடியில். பேனா கையில்.

முடிவு அ: உள்ளதை உள்ளபடி எழுதினாள். (எனக்கே கைதட்டல் கேட்கிறது. கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: சொன்னபடியே எழுதினாள். (இதை எழுதிவிட்டு அக்கா முகத்தில் விழிக்க முடியவில்லை.)

இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நிச்சயமாக நடந்ததைச் சொல்கிறேன். கட்டுப்போடும் அறையின் கதவு திறந்தது. பொரிப்பவள் வந்தாள். அக்காவின் மடியிலிருந்த தாளை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவாள் என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேடம், நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரட்டும்?"



பிறகு அக்கா என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். படிவம் இப்போது உங்கள் மடியில் இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கட்டுப்போட்ட கையோடு ஒருத்தி உங்கள் எதிரே நின்றுகொண்டிருக்கிறாள். முதலில் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.