ராணியின் பக்கத்தில் ஒரு பிள்ளை

1

எங்கள் மலையூரில் வருடாவருடம் ராணி விழா நடக்கும். போன வருடம் ராணி வேடம் போட வேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். என்னைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அட்டைக் கிரீடம் நெற்றியை அறுக்க, இரண்டு மணி நேரம் கையசைத்தேன். பாட்டு, கவிதை, ரோஜாத்தோட்டம் எல்லாம் ஐந்நூறு வருடத்துக்கு முன் இங்கே வாழ்ந்த ராணி இந்த ஊருக்குத் தந்தது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவளுக்கு ஒரு பிள்ளை இருந்ததை யாரும் சொல்லவில்லை. நான் எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

2

(முதல் தொடக்கம்: "1493-இல் பன்னிரண்டு கப்பல்கள் தீவை..." அடித்துவிட்டேன். கப்பல் எண்ணவா வந்தேன்?)

மறுபடி. தீவின் ராணி ஃபியோரென்சாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கணவன் போய், பதினோரு மாதக் குழந்தையும் போய், தனியாக ஆண்டுகொண்டிருந்தாள். அவள் பிறந்த குடியரசுக்கு அந்தத் தீவு வேண்டியிருந்தது. கையெழுத்து வாங்க அவள் அண்ணன் அல்வீசேயையே அனுப்பினார்கள்.

"போட்டுடும்மா. உனக்கு மலையில ஒரு ஊரையே தர்றாங்க."

"புள்ளையோட பெட்டிய கப்பல்ல ஏத்திக்கலாமாண்ணா?"

"வாரிசோட எலும்பு அது. விடமாட்டாங்க."

போட்டாள்.

3

[தாதி நிக்கோலோசாவை நானே உண்டாக்கினேன். ராணி யாரோடாவது பேச வேண்டுமே. உண்டாக்கிய பிறகு அவள் என் சொல் கேட்கவில்லை.]

இங்கே வந்த எட்டாம் வருடம் பாஸ்தியான் என்ற ஓவியன் ராணியை வரைய வந்தான். பக்கத்தில் மகனையும் வரையச் சொன்னாள், இருந்திருந்தால் இப்போது இருக்கக்கூடிய வயதில்.

"பாக்காத முகத்த எப்படி வரையறது, மகாராணி? அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்க."

ராணி வாயைத் திறந்தாள். மகன் முகம் மறந்துபோயிருந்தது. மறந்துவிட்டோம் என்பதே அந்த நிமிடம்தான் அவளுக்குத் தெரிந்தது.

"வலது காது நுனி மடங்கியிருக்கும்," என்றாள் நிக்கோலோசா. "பால் குடுக்கறப்ப இவங்க அத நீவி நீவி விடுவாங்க. நிமிரவே இல்ல."

ராணி சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள்.

பாஸ்தியான் வரைந்தான்: பத்து வயதுப் பையன், அவன் தலைமேல் அவள் கை. பதினேழு நாள் அவள் அந்த அறையில்தான் சாப்பிட்டாள்.

4

அல்வீசே வந்து பார்த்தான்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? வாரிசு உயிரோட இருக்கான்னு தீவுல கெளம்பிடுவாங்க. இந்த ஊரையும் புடுங்கிட்டு உன்ன மடத்துல தள்ளுவாங்க. அழிக்கச் சொல்லு."

"நீயே சொல்லேன்."

"சொன்னேன். ராணி வாயால சொன்னாத்தான் தொடுவேங்கறான்."

இன்று ஓவியத்தில் பையன் இருந்த இடத்தில் ஒரு பச்சைத் திரை இருக்கிறது. ராணியின் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. என்ன நளினம் என்று மெச்சி, அந்தக் காலத்துச் சீமாட்டிகள் அதேபோலக் கையை உயர்த்தித் தங்களைப் படம் வரையவைத்துக்கொண்டார்கள். ஐம்பது வருடம் அதுதான் நாகரிகம். ராணி விட்டுப்போனதில் அதிகம் பரவியது அந்தக் கைதான்.

5

ஆகவே யாரோ பையனை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு முடிவில் ராணியே சொல்கிறாள். இன்னொன்றில், அவள் தோட்டத்தில் இருக்கும்போது நிக்கோலோசா போய், "அம்மா சொல்லிட்டாங்க" என்று பொய் சொல்கிறாள்; அதற்குப் பிறகு ராணி அவளை ஒருபோதும்... (முடிக்க முடியவில்லை.)

ஓவியன் தூரிகையோடு காத்திருக்கிறான். தீவை விட்டுக்கொடுக்க அவளைக் கையெழுத்துப் போட வைத்தவள் நான். இன்னொரு முறை என்னால் ஆகாது. உங்களால் முடிந்தால் நீங்கள் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டாம். கேட்கும் தூரத்தில்தான் நிற்கிறான்.