செருப்பில்லாத சபை

பதினொரு சீரியலில் நடித்திருக்கிறேன். பதினொன்றிலும் என் முதுகுதான் வந்தது. பந்தியில் சாப்பிடும் முதுகு, சாவு வீட்டில் அழும் முதுகு. முதுகால் அழுவது லேசுப்பட்ட வேலை இல்லை, செய்து பார்த்தால்தான் தெரியும்.

பன்னிரண்டாவதில்தான் முகம் என்று டைரக்டர் சித்தார்த் சொல்லியிருந்தார். ஒரே ஒரு வசனம், அதற்கு குளோசப். மூன்று நாளாக மாவு ஆட்டும்போதும் துணி அலசும்போதும் அதையே கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தன்னைத்தான் திட்டுகிறேன் என்று பேச்சையே நிறுத்திவிட்டாள்.

டி.வி.க்கான படம் அது. கதைப்படி, சிதம்பரத்தில் ஒரு பெண் மேடையில் ஷூ போட்டுக்கொண்டு பாலே ஆடுகிறாள். அதுவும் நடராஜர் சிலைக்கு முன்னால். அரங்கேற்றமே ரகளையாகிறது; சபையிலிருந்து செருப்பு பறக்கிறது. முதல் செருப்பு மேடையில் விழுந்ததும் நான் எழுந்து, "காலுல கெடக்கறதக் கழட்டுடி" என்று கத்த வேண்டும்.

சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைத்தான் சபையாக மாற்றியிருந்தார்கள். நாலு மணிக்குக் காலி செய்தாக வேண்டும், சாயந்திரம் வரவேற்பு. சபையில் உட்கார எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயிலிலிருந்து அறுபது பேரை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். எல்லோரும் என் ஆட்கள், என் சொல்லைத் தட்டமாட்டார்கள்.

ஆடியது சிந்துஜா, கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண். சின்ன வயதிலிருந்து பரதம். பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போய் வந்து பாலேவும் படித்திருக்கிறாள். ரோஸ் பட்டு ஷூவுக்கு மேலே சலங்கை கட்டி, கட்டை விரல் நுனியில் எழுந்து நின்றாள் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னோடு பஸ்ஸில் வந்த தங்கம்மாள், பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தவள் மூடவே இல்லை.

உதவி டைரக்டர் துண்டை வீசினார். அதுதான் அடையாளம். அறுபது பேரும் ஆவேசமாகக் கையை ஓங்கினார்கள். அறுபது கையிலும் ஒன்றும் இல்லை.

அத்தனை செருப்பும் மண்டப வாசலில் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. மேடையில் நடராஜர் நிற்கிறார், குத்துவிளக்கு எரிகிறது. யார் செருப்போடு உள்ளே வருவார்கள்? நானும் வாசலில்தான் விட்டிருந்தேன். செருப்பு விழவில்லை, என் வசனமும் வரவில்லை.

சித்தார்த் தலையில் கை வைத்துக்கொண்டார். அது ஃபைபர் சிலை, சென்னையிலிருந்து வேனில் வந்தது என்றார். தங்கம்மாள் அதற்கும் ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போய்ச் செருப்பை எடுத்து வாருங்கள் என்று அவர் கத்த, ஒருவரும் அசையவில்லை.

எனக்கோ வயிற்றெரிச்சல். மணி மூன்றே கால். முகம் வரவேண்டிய நாளும் முதுகாய்ப் போய்விடும் போலிருந்தது. நேராக அவரிடம் போனேன்.

"சார், சாமி முன்னாடி ஷூ போட்டாள்னு கோவப்படறவன் தான் மட்டும் செருப்போட வந்து ஒக்காருவானா? நீங்க எழுதுனதே தப்பு சார்."

கையிலிருந்த வசனத் தாளை மடித்தார். பிறகு, நீங்களானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மேடை ஏறிப்போய் நேருக்கு நேர் கழற்றச் சொல்வேன் என்றேன். அப்படியே செய்யுங்கள், கேமரா உங்களோடு வரும் என்றார்.

மறுபடி முதலிலிருந்து ஆடினாள். ஆட்டத்தை மட்டும் தனியாக எடுத்ததையும் சேர்த்து, காலையிலிருந்து ஏழாவது தடவை. துண்டு வீசியதும் எழுந்தேன், வெறுங்காலோடு படியேறினேன், மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன்: அவள் நின்ற விரல் நுனியில் ரோஸ் பட்டு சிவப்பாக நனைந்திருந்தது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

மூன்று நாள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மண்டி போட்டு அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"காலுல கெடக்கறதக் கழட்டும்மா," என்றேன். குரல் உடைந்துவிட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்து விசும்பினாள். கீழே அறுபது பேரும் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் கட் என்ற சத்தம் வந்தது.

சித்தார்த் ஓடி வந்தார். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, இதையே கோபத்தோடு ஒரு தடவை, இல்லாவிட்டால் கதையில் ரகளையே இருக்காது, உங்கள் குளோசப்பை வெட்ட வேண்டியிருக்கும் என்றார். அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிப்பனை இறுக்கக் குனிந்தாள். பைத்தியக்காரப் பெண். ஷூவை அவள் காலிலிருந்து உருவி என் அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"வெட்டிக்குங்க சார். இந்தப் புள்ள இனிமே ஆடாது."

வாசலில் வரவேற்புக்காரர்கள் பூக்கூடையோடு வந்து நின்றார்கள். சித்தார்த் மானிட்டர் பக்கம் போய், எடுத்ததை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். இன்னொருமுறை ஓடவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"இப்பிடியே போவட்டும்மா," என்றார். "சண்டைய வேற எடத்துல வெச்சுக்கறேன்."

மானிட்டர் பெட்டி நிறைய என் முகம். மூக்கு ஒழுகிக்கொண்டு, தலை கலைந்து, அசிங்கமாகத்தான் இருந்தேன். திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லி, மூன்று தடவை பார்த்தேன்.