ஏற்றத் தெருவில் ரஸ்க்

வீட்டு ஓனரம்மாவின் முழங்கை வீங்கியதற்கு எங்கள் நாய் ரஸ்க்தான் காரணம். அதை நான் மறுக்கவே இல்லை. "ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோங்கம்மா" என்று, வாசல் கேட் பக்கத்தில் நின்றவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, மறந்துபோன சாவியை எடுக்க மாடிக்கு ஓடினேன். எதிரே ஒரு பூனை போயிருக்கிறது. திரும்பி வருவதற்குள் ஓனரம்மா வாசலில் குப்புறக் கிடக்கிறார், ரஸ்க் தெருமுனையில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் ஓனர் மாடியேறி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாயை எங்கயாவது அனுப்பிடுங்க. இல்ல, வேற வீடு பாத்துக்கோங்க."

"பழக்கிடறேன் சார். இழுக்காம ஓடும்."

"இதுவா?" என்று சிரித்தார். "சரி, மாசக் கடைசி வரைக்கும் டைம். இந்தத் தெருவுல கீழ போய் மேல வரட்டும், ஒரு தடவைகூட இழுக்காம. நான் கேட்டுல நின்னு பாக்குறேன்."

முடியாவிட்டால் ரஸ்க் போக வேண்டிய இடம் என் அண்ணனின் மரக்கடை. அங்கே காவலுக்கென்று நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுவான். வேறு வீடு பார்க்கலாமே என்பீர்கள். நாயோடு வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், தெரியும்.

நடக்கப் பழக்கினால் போதாதா என்றும் கேட்காதீர்கள். ஒரு வயதுகூட ஆகாத நாய். காலையில் ஓடாவிட்டால் சோபாவைப் பிய்த்துப் பஞ்சாக்கிவிடும். ஒருமுறை என் யூனிஃபார்ம் சட்டையின் காலரையே மென்று வைத்தது.

நான் டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஐம்பது பேர் பின்னாலிருந்து "போ, போ" என்று கத்தினாலும் ஸ்டாப் வந்தால் நிறுத்துகிறவள். ஒரு நாயிடமா தோற்பேன்? ஒரே ஒரு சட்டம் போட்டேன். கயிறு தொய்வாக இருந்தால் வண்டி போகும். இறுகினால் அந்த இடத்திலேயே நிற்கும். திட்டுவதில்லை, இழுப்பதில்லை, சும்மா மரம் மாதிரி நிற்பேன். அது திரும்பிப் பார்த்து, என் பக்கம் ஓரடி வந்து, கயிறு தொங்கியதும் தொடைப் பக்கத்திலேயே பிஸ்கட் துண்டு ஒன்று கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். முதலில் நடை, அப்புறம் நாலடி ஓட்டம், அப்புறம் மின்கம்பம் வரைக்கும்.

நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு காலையில் கற்றது அடுத்த காலைக்குள் போன இடம் தெரியாது. அதுவும் எங்கள் தெருவின் ஏற்றம் வந்துவிட்டால் போதும், கழுத்தை முன்னால் நீட்டி, மூச்சு இரைக்க, வண்டிமாடு தோற்கும்படி இழுக்கும். இழுத்துவிட்டு, என்னவோ சாதித்துவிட்ட மாதிரி என் பாக்கெட்டை மோந்து பார்க்கும். மாசம் பாதி ஓடிவிட்டது. ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். அது என் முகத்தை நக்கியதில் அழுகை இன்னும் கூடியது.

அந்த வாரம் ஒருத்தர் லீவு போட்டதால் எங்கள் தெரு வழியாகப் போகும் மாலை டிரிப் எனக்கு வந்தது. இரண்டாம் கியரில் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகிறேன். ஓரமாக, பெருத்த உடம்பு ஒன்று பின்பக்கம் சாய்ந்தபடி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சொகுசாக மேலே போகிறது. முன்னால் ரஸ்க்.

"இழு ராஜா! அப்படித்தான்! இழு!"

என் கணவர். பேக்கரியில் இருந்து வந்ததும் நாயை உலாத்தக் கூட்டிப் போகிற புண்ணியவான். ஒவ்வொரு மின்கம்பம் தாண்டியதும் பாக்கெட்டிலிருந்து பிஸ்கட் வேறு!

ஹாரனை அழுத்தினேன், தெருவே திரும்பியது. அவர் என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"தெரிஞ்சவராக்கா?" என்றாள் முன் சீட்டில் இருந்த பெண்.

"இதுவரைக்கும் தெரிஞ்சவர்தான்."

வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்தேன்.

"விடியறதுக்கு முன்னாடியே அடுப்புக்கு முன்னால போய் நிக்கிறேம்மா," என்றார். "சாயங்காலம் முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அது இழுத்தா லிஃப்ட்ல போற மாதிரி இருக்கு."

"காலையில இழுக்காதேன்னு நான் பிஸ்கட் தர்றேன். சாயங்காலம் இழுன்னு நீங்க பிஸ்கட் தர்றீங்க. பாவம், அது யாரு சொல்றதைத்தாங்க கேக்கும்?"

அவர் ரஸ்க்கின் காதைத் தடவிக்கொண்டே, "நிஜமாவே அனுப்பிடுவாங்களா?" என்றார். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். ரஸ்க் சீக்கிரம் திருந்திவிட்டது, பேக்கரிக்காரரைத் திருத்தத்தான் பெரும்பாடு பட்டேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் காலில், கயிறு இறுகும்போதெல்லாம் நின்று நின்று அந்த ஏற்றத்தை ஏறினார். நிற்பது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

மாசக் கடைசி. ஓனர் கைகட்டிக் கேட்டில் நின்றார். பக்கத்தில் ஓனரம்மா. வேலைக்குக் கிளம்பும் யூனிஃபார்மிலேயே நான் ஓடினேன். தையல்கடை நாய் கத்தித் தீர்த்தது. பால் வண்டி உரசிக்கொண்டு போனது. ரஸ்க் என்னைப் பார்த்தது, முன்னால் பார்த்தது, என் காலோடு காலாக வந்தது. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. கயிறு மட்டும் ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

ஓனர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடவில்லை. "உங்ககிட்ட பழகிடுச்சு. வேற யாராவது பிடிச்சா மறுபடி இழுத்துத் தள்ளும்."

"இங்க குடும்மா," என்றார் ஓனரம்மா.

அவர் செருப்பை உதறிவிட்டு, அடிபடாத கையில் கயிற்றை வாங்கினார். "வாடா" என்றதுதான் தாமதம், கேட்டுக்கு மேலே மிச்சமிருந்த ஏற்றத்தை நோக்கி ஓட்டமெடுத்தார். எந்தக் காலத்து ஆசையோ, அப்படி ஒரு வேகம்! ரஸ்க் பின்தங்கியது. கயிறு விண்ணென்று இறுகியது.

ரஸ்க் நின்றுவிட்டது. நாலு காலையும் ஊன்றி, மரம் மாதிரி.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"நீங்க இழுக்குறீங்கம்மா!" என்று கத்தினேன். "ஓரடி பின்னால வாங்க!"

ஓனரம்மா பின்னால் வந்தார். கயிறு தொங்கியது. ரஸ்க் உடனே கிளம்பியது. இருவரும் சேர்ந்தாற்போல் ஓடினார்கள். வழியில் இன்னும் இரண்டு தரம் ஓனரம்மா ஆசையில் முந்த, இரண்டு தரமும் அது நின்று, அவரை வழிக்குக் கொண்டுவந்துதான் மேலே கூட்டிப் போனது.

உச்சியில் இருந்து ஓனரம்மா இடுப்பில் கை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி கூவினார்:

"என்னங்க! இது எங்கயும் போகாது! கேட்டுச்சா?"

ஓனர் தலையை ஆட்டினார். என் கணவர் முட்டிவலி மறந்து குதித்தார். நான் நடுத்தெருவில், யூனிஃபார்மோடு, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன்.