கொல்லனுக்கு முதலிடம்

ஒரு ஆளைக் கொல்ல எத்தனை அடி வேண்டும் என்று கேட்டால் தராசு யோசிக்காமல் பதில் சொல்வாள். கொல்லனின் சம்மட்டி என்றால் மூன்று அடி. ஊசிக்காரியின் குத்துவாள் என்றால் பதினொரு குத்து. ஆனால் அந்தப் பதினொன்றும் நீங்கள் ஒரு தடவை மூச்சு விடுவதற்குள் விழுந்துவிடும். சங்கிலியான் முதலில் கழுத்தில் மாட்டி இழுப்பான், அப்புறம் தரையில் போட்டு மிதிப்பான். நாலாவது மிதியில் ஆள் காலி. பயந்துவிடாதீர்கள், எல்லாம் ஆன்லைன் விளையாட்டுதான். மொத்தம் இருபத்து நாலு பேர். யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கி, எதிரில் வருகிறவன் மண்டையைப் பிளக்கலாம், குடலை உருவலாம். திரை முழுக்க ரத்தம் தெறிக்கும். துடைக்கிற வேலை மட்டும் கிடையாது.

இந்த இருபத்து நாலு பேரில் யார் பலசாலி, யார் சோதா என்று வரிசைப்படுத்தி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ஒரு பட்டியல் போடுவாள். சும்மா வாய்க்கு வந்ததை எழுதுகிற ஜாதி இல்லை. ஒவ்வொருவரையும் வாரத்துக்கு நூறு தடவை எடுத்து ஆடி, எத்தனை அடி கொடுத்தான், எத்தனை வாங்கினான் என்று எண்ணித்தான் இடம் கொடுப்பாள். 'தராசு' என்பது அவள் அங்கே வைத்துக்கொண்ட பெயர். நாற்பதாயிரம் பேர் அந்தப் பட்டியலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். தராசு ஒரு பெண் என்பதும், பகலெல்லாம் பல் லேபில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவள் என்பதும் அதில் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒருத்தருக்கும் என்றால் அக்கா புருஷனுக்கும் சேர்த்துத்தான். மாமா லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்க எட்டு மாடி ஏறி ஓடுவார். தங்கமான மனுஷன் என்று அவர் குடியிருக்கிற அடுக்குமாடியே சொல்லும். விளையாட்டில் அவர் கொல்லனைத் தவிர வேறு யாரையும் தொட்டதில்லை. ஐந்து பேர் கொண்ட அணிக்கு அவர்தான் தலைவர். தராசு கொல்லனை ஒரு படி இறக்கினால் போதும், சாப்பாட்டு மேஜையில் கொதிப்பார்.

"அந்தத் தராசுப் பய மட்டும் என் கையில கிடைச்சான், எலும்பை எண்ணிடுவேன்."

"கிடைப்பான் மாமா, எங்க போயிடப் போறான்" என்பாள் தராசு, சிரிப்பை சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு.

வேலைக்காக அவள் இந்த ஊருக்கு வந்து, தனியாக அறை எடுத்துத் தங்கி, அவ்வப்போது அக்கா வீட்டில் சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. பட்டியலுக்கும் அதே வயசுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கொல்லனைப் பதினொன்றிலிருந்து பத்தொன்பதுக்குத் தள்ளினாள். சம்மட்டியை அவன் தூக்கி முடிப்பதற்குள் ஊசிக்காரி மூன்று குத்து குத்திவிடுகிறாள்; தராசு என்ன செய்வாள்? கொல்லன் ரசிகர்கள் கொந்தளித்துப் போனார்கள். விரலை ஒவ்வொன்றாக நறுக்குவேன் என்று ஒருத்தன், வீட்டோடு கொளுத்துவேன் என்று இன்னொருத்தன். தராசு எல்லாவற்றையும் படித்துச் சிரித்துவிட்டுத் தூங்கப் போனாள்.

திங்கட்கிழமை காலை அக்கா லேபுக்கு வந்தாள். துப்பட்டாவால் வாயை மூடியிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் நாலரைக்கு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்டி. முன்பல்லு போச்சு. ஒண்ணு பண்ணிக் குடு, யாருக்கும் தெரிய வேண்டாம்."

தராசு அவளை விளக்குக்குக் கீழே உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். மேல் வரிசையில் முன்பல் வேரோடு போயிருந்தது, பக்கத்துப் பல் பாதி உடைந்து ஆடியது. உதட்டின் உள்பக்கம் கிழிந்து தொங்கியது. குப்புற விழுந்தவளுக்கு மோவாயில் ஒரு சிராய்ப்பு வேண்டாமா? கையை ஊன்றின அடையாளம் வேண்டாமா? உள்ளங்கை இரண்டும் மழமழவென்று இருந்தன.

"மாமா அடிச்சாரா?"

"சீ, வாயைக் கழுவு. பல்லு பண்ணித் தர முடியுமா, முடியாதா?"

தராசு அச்சு எடுத்தாள். நிறம் பார்க்கிற அட்டையை அக்காவின் உதட்டோரம் வைத்துப் பார்த்தாள். மாலைக்குள் கம்பிக் கொக்கி வைத்த ஒற்றைப் பல் தயாராகிவிட்டது. அக்கா அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "அச்சு அசல் என் பல்லு மாதிரியே இருக்குடி" என்று சிரித்தாள்.

அந்த விளையாட்டில் யார் எந்த நேரத்தில் ஆடினார்கள், ஜெயித்தார்களா தோற்றார்களா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டுக்குப் போனதும் மாமாவின் பக்கத்தைத் திறந்தாள். ஞாயிறு மதியம் வரிசையாக ஆறு தோல்வி. கடைசித் தோல்வி நாலு மணி பத்து நிமிஷம். அக்கா வழுக்கி விழுந்ததாகச் சொன்னது நாலரை மணிக்கு. அலமாரிக் கதவு இடித்து அக்காவின் கண் வீங்கிய தேதி, பஸ் கம்பியில் மோதி மூக்கு உடைந்த தேதி என்று ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் தோண்டி எடுத்தாள். இரண்டு வருஷத்தில் ஆறு. ஆறு நாளும் மாமா தோற்ற நாள். அதில் நாலு, அவள் கொல்லனை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை.

நம்பர் போட்டது இவள், அடி வாங்கியது அக்கா. பல்லை உடைத்தது மாமாவின் முஷ்டி என்றாலும் அதை ஓங்க வைத்தது தன் கை என்றே அவளுக்குத் தோன்றியது. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள். விடிந்தபோது அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. என்ன வழி தெரியுமா? போலீஸ் இல்லை, நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்பது இல்லை. பட்டியல்! தராசுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அதுதானே.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு கொல்லனுக்கு முதலிடம் கொடுத்தாள். "இத்தனை நாள் நாம எல்லாரும் கொல்லனைத் தப்பா ஆடிட்டிருந்தோம்" என்று இரண்டு பக்கத்துக்குக் காரணம் வேறு எழுதினாள். இரண்டு வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய். தராசு பொய் சொல்லாது என்று நாற்பதாயிரம் பேரும் நம்பினார்கள்.

மாமா ஜெயித்தார். பத்தொன்பது என்று கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் ஒன்பது வெற்றி. "இப்பத்தான் அந்தப் பயலுக்குப் புத்தி வந்திருக்கு" என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். அக்காவை சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் அக்கா வந்தபோது தராசு அவள் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. தன் பேனாவுக்கு இவ்வளவு சக்தியா என்று மனசுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் இல்லை, நிறையவே வந்தது.

ஆனால் முதலிடம் கொடுத்தால் ஊரே அதை எடுக்கும் என்பது பட்டியல் போடுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியும். பயத்தில் மறந்துவிட்டாள். மூன்றாவது வாரம் களம் முழுக்கச் சம்மட்டி. எங்கே திரும்பினாலும் கொல்லன் கொல்லனை அடித்துக்கொண்டிருந்தான். அவனை எப்படிச் சாய்ப்பது என்பது சின்னக் குழந்தைக்குக்கூட அத்துப்படியாகிவிட்டது. ஓர் அணியில் ஒருவர்தான் கொல்லனை எடுக்க முடியும். மாமாவின் அணியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு கல்லூரிப் பெண் அவருக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள். அவரைவிடப் பிரமாதமாக ஆடவும் செய்தாள்.

ஞாயிறு மதியம் தராசு மாமாவின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தோல்வி. தோல்வி. தோல்வி. ஏழாவது தோல்விக்குப் பிறகு ஒரு வரி வந்தது: அணித் தலைவர் மாற்றப்பட்டார். புதுத் தலைவர் அந்தப் பெண். மூன்று மணி இரண்டு நிமிஷம்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

அக்கா வீட்டு நாலாவது மாடி நடையில் பக்கத்து வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "குடும்ப விஷயம்மா" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டினார். பாழாய்ப் போன மனுஷன்!

கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. உள்ளே ஹெட்செட் இரண்டாக உடைந்து கிடந்தது. மாமா அக்காவின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து அவள் தலையை ஃப்ரிட்ஜ் கதவில் மோதிக்கொண்டிருந்தார். மோதி, இழுத்து, மறுபடி மோதினார். ஒரு வார்த்தை பேசவில்லை, வேலை செய்கிறவர் மாதிரி செய்தார். அக்காவும் கத்தவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ரத்தம் கோடாக வழிந்தது. பொய்ப்பல் தெறித்துத் தரையில் கிடந்தது.

"அவளை விடு! தராசு நான்தான்!" என்று அலறினாள் தங்கை. "உன்னை இறக்கினதும் நான்தான், ஏத்தினதும் நான்தான். அடிக்கணும்னா என்னை அடி!"

மாமா திரும்பினார். விஷயம் அவர் மண்டைக்குள் இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் அக்காவை விட்டுவிட்டு வந்தார்.

இருபத்து நாலு பேரின் அடியையும் எண்ணி வைத்திருந்தவள்தான். அடி வந்தபோது ஒரு கையைக்கூடத் தூக்கத் தெரியாமல் நின்றாள். ஒரே அடி. காதுக்குள் ரீங்காரம், வாய் முழுக்க ரத்தம், முதுகு தரையில். நெஞ்சில் முழங்காலை ஊன்றி அவர் இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தார். "நீயா? நீயாடி?" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விளையாட்டில் சாகும்போது திரை சிவக்கும். இங்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மேஜையில் மாமாவின் சீருடை பாதி இஸ்திரி போட்டபடி இருந்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். ஒயர் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. எட்டு வருஷமாக ஒரு எதிர்ச்சொல் சொல்லாதவள் சூடான பெட்டியை அப்படியே அவர் முதுகில் வைத்து அழுத்தினாள். பனியன் பொசுங்கியது, தோல் பொசுங்கியது. அவர் ஊளையிட்டுக்கொண்டு புரண்டார். கையை ஓங்கினார். அக்கா பெட்டியின் முனையால் அந்த முழங்கையிலேயே போட்டாள். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பவும் ஓங்கி, அதே இடத்தில் இன்னொன்று போட்டாள்.

"எழுந்திரிச்சே, அடுத்தது மண்டையில" என்றாள். மாமா முறிந்த கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜோரம் சுருண்டு, ஆம்புலன்ஸ் ஆம்புலன்ஸ் என்று அழுதார்.

ஆம்புலன்ஸை அக்காவே கூப்பிட்டாள். அதற்கப்புறம் தங்கையைப் பின்னால் உட்கார வைத்து, தானே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு நேராகக் காவல் நிலையம் போனாள். அங்கே எழுத்தராக இருந்த பெண் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். தண்ணீரும் பஞ்சும் எடுத்து வைத்துவிட்டு, தாளை விரித்தாள்.

தராசுக்கு அடக்க முடியவில்லை. "எல்லாம் என்னாலதான் மேடம். நான் போட்ட லிஸ்ட்டால. தோத்த அன்னிக்கெல்லாம் மாமா அடிச்சிருக்காரு. தேதியோட காட்டுறேன், ஆறு தடவை."

அக்கா பஞ்சை நெற்றியில் அழுத்திக்கொண்டு அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை, பாவமாகப் பார்த்தாள்.

"உன் லிஸ்ட்டு வந்து ரெண்டு வருஷம். எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருஷம்."

"அவர் ஜெயிச்சப்போ அடிக்கலையே! சினிமாவுக்குக்கூட..."

"சினிமா முடிஞ்சு வந்து பெல்ட்டால அடிச்சான்டி. டிக்கெட் கொடுத்தவன்கிட்ட சிரிச்சேனாம். தோத்தா அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது, மூஞ்சியில அடிப்பான். ஜெயிச்சா நிதானமா இருப்பான், துணிக்கு உள்ள அடிப்பான். நீ மூஞ்சியை மட்டும்தானே பார்த்தே?"

அவள் எழுத்தரின் பக்கம் முதுகைத் திருப்பி ரவிக்கையை இறக்கினாள். எழுத்தரின் பேனா நின்றது. தங்கை பார்த்தாள். புதுசு, பழசு, ஆறினது, ஆறாதது. எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றாள் எழுத்தர்.

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். எந்த நாள், எந்த அறை, எதனால் அடித்தான், எங்கே பட்டது. ஒன்றைக்கூட விடவில்லை. முதல் தாள் நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது. மூன்றாவது தாளின் அடிக்கு வந்ததும் எழுத்தர் விரலை உதறிக்கொண்டு, "அவ்வளவுதானேம்மா, கையெழுத்து வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"இன்னொரு தாள் எடுங்க" என்றாள் அக்கா. "இன்னும் கல்யாணம் ஆன வருஷமே முடியல."