திங்கட்கிழமை ஆள்

ஈரத்துணியைச் சுண்டுவிரலில் சுற்றி, செத்துக் கிடந்த அப்பாவின் மூக்குத் துவாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் வெர்னா. துணியில் பழுப்பாகச் சேறு வந்தது. அலசிவிட்டு மறுபடி துடைத்தாள். மறுபடியும் சேறு.

"எவ்வளவு துடைச்சாலும் வந்துகிட்டேதான் இருக்கும். பாதி ஓக்லஹோமா மண்ணு அவர் நெஞ்சுக்குள்ளதான் இருக்கு" என்றான் டெல்மர். மேசையில் உட்கார்ந்து பீன்ஸை வழித்துத் தின்றுகொண்டிருந்த அவள் புருஷன், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அந்த பீன்ஸ் அப்பாவின் கூலியில் வாங்கியது. அவள் துணியை மறுபடி அலசினாள்.

நான்கு வருஷமாக மழையில்லை, வயலை வாரிக்கொண்டு போகும் புழுதிக்காற்றுதான். கோதுமை விலை படுத்த பிறகு, வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் மண்வேலை கொடுத்தது. சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு, காற்று மிச்சம் வைத்த மண்ணைப் பிடித்து நிறுத்துகிற வேலை. வீட்டுக்கு ஓர் ஆள் என்று கணக்கு. டெல்மர் முடியாது என்றுவிட்டான்.

"மண்வெட்டிக்கு முட்டுக் கொடுத்துட்டு நின்னா கவர்மெண்டு சோறு போடுதாம். மானமுள்ளவன் போவானா?" என்று முடிதிருத்தும் கடையில் மாமனாரை வைத்தே சிரித்தான்.

அறுபத்திரண்டு வயதில் அப்பா அந்த வேலைக்குப் போனார்.

"புல்லுக்காடா கெடந்ததை உழுது கெடுத்தவன் நான்தானேம்மா. நானே அணைச்சுக் கட்டிட்டுப் போறேன்" என்றார். எட்டு மாதம் போனார். கடைசி வாரம், இருமினால் கரும்பழுப்பாகக் கட்டி வந்தது. அதை அவளிடமிருந்து மறைக்கத் தொப்பிக்குள் துப்பினார்.

மதியம் புதைத்தார்கள். அவரோடு வேலை செய்த பதினொரு பேரும், மேஸ்திரி டட்டிலும் வந்திருந்தார்கள். போதகர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். ஆட்கள் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள். பெட்டியின் மூடி இன்னும் முழுசாக மறையவில்லை. டெல்மர் டட்டிலின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அவரு எடம் இப்ப காலிதானே?"

டட்டில் அவனைத் திரும்பிப் பார்த்தார். "மண்ணு மூடட்டும்யா முதல்ல."

"இல்ல, வேற எவனாவது முந்திக்கிட்டான்னா? ஒரே வீடுதானே, பேரை மட்டும் மாத்தினாப் போதும்."

வெர்னாவின் காதில் அது விழுந்தது. இவன் பக்கத்திலா ஒன்பது வருஷம் படுத்தேன் என்று தோன்றியது. டட்டில் அவளிடம் வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"நீ என்னம்மா சொல்றே? உங்க அப்பாவை இவன் என்னென்ன பேசினான்னு எங்க எல்லாருக்கும் தெரியும். நீ வேண்டாம்னா வேண்டாம். வேற வீட்டுக்குக் குடுத்துடறேன்."

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் அவள் பாவாடையைப் பிடித்தபடி நின்றன. சின்னவளின் மணிக்கட்டு குச்சி மாதிரி இருந்தது.

"அவரையே எடுத்துக்கோங்க" என்றாள்.

"சரி. திங்கக்கிழமை காலையில வரட்டும்."

அதைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ 'அப்பாடா' என்று இறங்கியது. டெல்மர்மேல் வந்த அருவருப்பைவிட, அந்த நிம்மதியின்மேல் வந்ததுதான் அவளுக்கு அதிகம்.

டெல்மர் கோட்டைக் கழற்றி வேலிக்கம்பியில் போட்டான். குழியோரம் நின்றவரின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு மண்ணை வாரித் தள்ளத் தொடங்கினான். வேக வேகமாக, சட்டை முதுகோடு ஒட்டுமளவுக்கு. நாலைந்து தள்ளுக்கு ஒருமுறை நிமிர்ந்து டட்டிலைப் பார்த்துக்கொண்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தி ஒதுங்கி நின்றார்கள்.

"மெதுவாய்யா" என்றார் டட்டில். "உள்ளே ஒரு மனுஷன் இருக்காரு."

டெல்மர் நிறுத்தவில்லை. குழியிலிருந்து புழுதி கிளம்பிக் காற்றோடு இந்தப் பக்கம் வந்தது. வெர்னா பிள்ளைகளை நாலடி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தலைத்துணியை அவிழ்த்து, குனிந்து, சின்னவளின் வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டினாள்.