ஒரு டப்பா என்றால் ஒரு கிலோ

மாடு படுத்துவிட்டது என்று அம்மா போன் செய்தபோது அவள் பால் சங்கத்து அலுவலகத்தில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து தீனி அட்டவணைக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். இன்று கத்தவில்லை.

"சுட்டி எந்திரிக்கலடி. நேத்து சாயங்காலமே தீனிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

"சாணி எப்படிம்மா இருக்கு?"

"தண்ணியா போகுது. புளிச்ச நாத்தம். பல்ல நறநறன்னு கடிக்குது."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. மாவுத்தீனி அளவுக்கு மீறிப் போனால் மாட்டின் பெருவயிறு புளித்துவிடும் என்று அவள் படித்த பாடப்புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. முழு மார்க் வாங்கியிருந்தாள்.

"டாக்டருக்குச் சொல்லு. நான் வர்ற வரைக்கும் ஒரு வாய் தீனி வைக்காதீங்க. வைக்கோல் மட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

சுட்டிக்கு அட்டவணை போட்டுக் கொடுத்ததே அவள்தான். வெறும் தவிட்டையே தின்றுகொண்டிருந்த மாட்டுக்கு அதைக் குறைத்து, மக்காச்சோளக் குருணையும் பிண்ணாக்கும் தாது உப்பும் கிலோ கணக்கில் எழுதி, முதல் வாரம் வேளைக்கு ஒரு கிலோ குருணை, இரண்டாம் வாரம் இரண்டு என்று படிப்படியாக ஏற்றியிருந்தாள். முதல் வாரத்திலேயே பால் ஒன்றரை லிட்டர் கூடியது. சங்கத்துச் செயலாளர் வாயெல்லாம் பல்லாக, "பேஷ்! உங்க வீட்டு மாட்டுலயே செஞ்சு காட்டிட்ட" என்று அதே காகிதத்தை நாற்பது வீடுகளுக்கு அனுப்பிவிட்டார். அந்த நாற்பது மாடுகளும் தின்னத் தொடங்கி இன்றோடு மூன்று நாள்.

வழி முழுக்க அவளுக்குச் சுட்டியின் நினைப்பு பாதிதான். கணக்கு தப்பு என்றால் நாற்பது தொழுவத்திலும் தப்பு. மீதி நினைப்பு அங்கே இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அப்பா, சித்தப்பா, டாக்டர் மூவரும் மாட்டைச் சுற்றி நின்றிருந்தார்கள். கழுத்து நரம்பில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சுட்டியின் கண்கள் குழி விழுந்து கிடந்தன. வயிற்றுப் புளிப்பை அடக்க அம்மா சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாங்கய்யா மாட்டு மேதை" என்றார் சித்தப்பா. "காலேஜுல கத்துக்கிட்டத எங்க அண்ணன் மாட்டு வயித்துல பரீட்சை வெச்சுப் பாத்தாச்சு. ரிசல்ட்டு படுத்திருக்கு, பாத்துக்க."

"நீங்க கொஞ்சம் வாய மூடுறீங்களா சித்தப்பா?"

"இதுக்கும் படிப்பு சொல்லிக் குடுத்திருக்காங்க போல."

டாக்டர் நிமிரவில்லை. "குருணை எவ்வளவு போட்டீங்க?"

"பேப்பர்ல இருக்கற மாதிரியேதான் டாக்டர்" என்றார் அப்பா. "வேளைக்கு ரெண்டு கிலோ. கூடக் கொறைய இல்ல. எம்பொண்ணு எழுதினது."

டாக்டர் அவளைப் பார்த்தார். "ரெண்டு கிலோவுக்கு இவ்வளவு ஆகாதும்மா. பழக்கித்தானே ஏத்தியிருக்க? உன் கணக்க இன்னொரு தடவ பாரு."

அட்டவணை கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தது. விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தாள். மாட்டின் எடை, பால், கொழுப்பு, எல்லாம் சரி. மறுபடி பார்த்தாள். தப்பு இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்; திருத்தி நாற்பது பேருக்கும் அனுப்பியிருக்கலாம். ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, நேத்து வெச்ச மாதிரியே எடுத்துப் போடு. மாட்டுக்கு இல்ல, சும்மா சாக்குல."

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மூட்டைக்குள் டப்பாவை விட்டாள். பெயின்ட் வந்த பழைய டப்பா. அதில் குருணையை அள்ளி, விளிம்போடு கையால் வழித்து, சாக்கில் கொட்டினாள். இரண்டு முறை.

"இதோ. ரெண்டு."

அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். அப்படியே தூக்கிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்கு நடந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் சித்தப்பாவும் வந்தார். கடைக்காரர் அரிசி நிறுக்கும் தராசைத் துடைத்து முன்னால் நகர்த்தினார்.

நான்கு கிலோ நாற்பது கிராம்.

"தராசு கெட்டிருக்கும்" என்றார் சித்தப்பா.

"உன் மண்டை கெட்டிருக்கும்" என்றார் கடைக்காரர். "காலையிலதான்யா சரி பாத்தேன்."

அவள் திரும்பி வந்து அதே டப்பாவில் தவிட்டை அள்ளிக்கொண்டு போனாள். ஒரு டப்பா தவிடு தொள்ளாயிரத்து எழுபது கிராம். அதே டப்பா குருணை இரண்டு கிலோவுக்கு மேலே. தவிடு உமியும் காற்றுமாகப் பொம்மென்று இருக்கும். குருணை கல் மாதிரி இறங்கும். இதை அளந்து சொல்ல ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. சுட்டி இரண்டு வேளையும் சேர்த்து நாளொன்றுக்கு நான்கு கிலோ தின்பதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருக்க, அது எட்டு கிலோ தின்றிருந்தது.

கொட்டகைக்கு வந்ததும் வெடித்தாள். "நான் கிலோன்னுதானேப்பா எழுதினேன்? கிலோ! கொட்டை எழுத்துல!"

"டப்பான்னா கிலோதானே?" அப்பாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இந்த டப்பாவ அளவுக்குன்னு எடுத்து வெச்ச அன்னைக்கே கடையில வெச்சு நிறுத்துப் பாத்தவன் நான். ஒரு டப்பா, ஒரு கிலோ. இருபது வருஷமா இதுதான் அளவு."

"அது தவிடு!"

"நீ அதச் சொல்லலியே."

சொல்லவில்லைதான். பள்ளிக்கூடம் போகிற நாளில் அவளே அந்த டப்பாவில் அள்ளிப் போட்டிருக்கிறாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சிட்டிகை உப்பைக்கூட நிறுத்து எழுதியவளுக்கு, வீட்டு டப்பா கண்ணில் படவே இல்லை. பழகிய பொருள், அளவு என்றே தோன்றவில்லை.

அப்பா டாக்டரை வழியனுப்பப் போனார். "நாளைக்கு அசைபோட்டுச்சுன்னா தப்பிச்சுது" என்று டாக்டர் சொல்வது காதில் விழுந்தது. "பால் இந்த ஈத்துக்கு அவ்வளவுதான், இனி அடுத்த கன்னு போட்டாத்தான்."

அம்மா சுட்டியின் வயிற்றை இடது பக்கம் அமுக்கி அமுக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் போன வாரமே சந்தேகம்தான்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "சாணி இளகிடுச்சு. டப்பா வேற கையக் கடிக்கற கனம். உங்கப்பாகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"படிச்சவ எழுதினதுடி, நீ ஊடால வராதன்னாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா? ஒரு போன் போட்டா ஆகாதா?"

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். "நீ எங்கிட்டயா சொன்ன? நீங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்து ஒரு மணி நேரம் பேசினீங்க. நான் டீ போட்டுக் குடுத்தேன்."

அட்டவணை கொடுத்த அந்தக் காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பேப்பரை விரித்து, ஒவ்வொரு வரியாக, அப்பாவுக்கு விளக்கினாள். அப்பா சங்கத்துக்குப் பால் கொண்டுபோவார், ரசீதில் கையெழுத்துப் போடுவார், மாடு அவர் பெயரில் இருந்தது. அவர் மாட்டுக்குத் தீனி வைத்து அவள் பார்த்ததே இல்லை. பெண்களை யாரும் கேட்பதில்லை என்று கல்லூரி மேடையில் மேசையைத் தட்டிப் பேசிப் பரிசு வாங்கியவள், டீ டம்ளரை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக் கீழே வைத்திருந்தாள்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதெல்லாம் அந்த வீட்டில் பழக்கமில்லை. "சோடாத் தண்ணிய மெதுவா குடு. மூச்சுக் குழாய்க்குள்ள போயிடப் போகுது" என்றாள்.

"தெரியும் போடி" என்றாள் அம்மா.

அவள் கொட்டகைக்கு வெளியே வந்து பையிலிருந்து நாற்பது வீட்டுப் பட்டியலை எடுத்தாள். நாற்பது பெயர், நாற்பது எண். எல்லாம் ஆம்பிளைகள். ஒரு பெண் பெயர் இல்லை. பட்டியலைத் தட்டச்சு செய்ததும் அவளேதான்.

முதல் எண்ணைப் போட்டாள்.

"சொல்லும்மா சொல்லு. உன் தீனி பிரமாதம். பால் ஏறுது."

"அண்ணே, உங்க வீட்ல மாட்டுக்குத் தீனி வைக்கறது யாரு?"

"எல்லாம் வீட்லதான். ஏன், எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கறேன்."

"அவங்ககிட்ட போனக் குடுங்கண்ணே."

"அவளுக்கு இதெல்லாம் வெளங்காதும்மா. எழுத்து அவ்வளவா..."

"எழுத்துப் படிக்கச் சொல்லலண்ணே. போனக் குடுங்க."

மறுமுனையில் முணுமுணுப்பு. வாளி நகரும் சத்தம். யாரையோ இரண்டு முறை கூப்பிடுகிற சத்தம். பிறகு மூச்சு வாங்க ஒரு பெண் குரல்.

"யாரு?"

"பால் சங்கத்துலேருந்து பேசறேங்க்கா. மாட்டுக்குக் குருணைய எதுல அளந்து வைக்கறீங்க?"

"சொம்புலதான். ஏன்?"

"ஒரு சொம்பு எவ்வளவு பிடிக்கும்?"

"ஒரு கிலோம்பாரு இவரு. எனக்கு என்னமோ கூடத்தான் தெரியுது." குரல் தாழ்ந்தது. "ஏம்மா, நேத்துலேருந்து சாணி இளக்கமா இருக்கே. அதுக்குத்தான் கூப்பிட்டியா?"

"ஆமாக்கா" என்றாள். "அதுக்குத்தான்."